எருக்கிலை மெழுகும் எஞ்சின் ஆயிலும்

திங்கட்கிழமை காலை கோவையின் கணபதியிலோ பீளமேட்டிலோ ஒரு லேத் பட்டறையின் ஷட்டரைத் தூக்கினால் முதலில் மூக்கில் ஏறுவது அழுகிய முட்டை நாற்றம். சனிக்கிழமை இரவு நிறுத்திய எந்திரத்தின் அடித்தொட்டியில், சூடு தணிக்க ஊற்றும் எண்ணெய்-நீர்க் கலவையான கூலண்ட் வெளுத்துத் தேங்கிக் கிடக்கும். எந்திரத்திலிருந்து வழிந்த எண்ணெய் அதன்மேல் ஒரு படலமாக மூடியிருக்கும். அந்தப் படலத்துக்கு அடியில், ஞாயிறு முழுவதும் பாக்டீரியாக்கள் ஓய்வில்லாமல் வேலை பார்த்திருக்கின்றன. நீரில் கரைந்திருந்த காற்று தீரும்வரை ஒரு கூட்டம் எண்ணெயைத் தின்றது. காற்று தீர்ந்ததும், சல்பேட்டை வைத்து மூச்சுவிடும் இன்னொரு கூட்டம் தலையெடுத்தது. அது வெளியேற்றும் ஹைட்ரஜன் சல்பைடுதான் அந்த நாற்றம். உலகம் முழுக்க எந்திரத் தொழிலில் இதற்குத் ‘திங்கட்கிழமை நாற்றம்’ என்றே பெயர்.

பட்டறைக்காரருக்கு இது பெரிய தொந்தரவு. கூலண்ட் கெட்டால் காசு போகிறது, கையில் அரிப்பு வருகிறது. ஆனால் அந்தத் தொட்டியில் நடப்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். யாரும் அதில் பாக்டீரியாவைக் கொண்டுவந்து விடவில்லை. தூசியோடும் தண்ணீரோடும் தொழிலாளியின் கைகளோடும் வந்து விழுந்தவை, பெட்ரோலியத்திலிருந்து எடுத்த எண்ணெயை உணவு என்று கண்டுகொண்டன. பாக்டீரியாவைக் கொல்வதற்கென்றே கூலண்டில் மருந்து சேர்க்கிறார்கள். அதையும் தாங்கிக்கொண்டு வளர்கின்றன.

கொங்கு நாட்டில் எண்ணெய்க்குப் பஞ்சமில்லை. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு கோவையில் நூற்பாலைகள் பெருகின. அவற்றின் எந்திரங்களைப் பழுதுபார்க்கப் பட்டறைகள் வந்தன, பட்டறைகளிலிருந்து மோட்டார், பம்ப்செட், வார்ப்படத் தொழில்கள் கிளைத்தன. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் லாரித் தொழில். திருச்செங்கோட்டிலிருந்து இந்தியாவின் மூலைமுடுக்கெல்லாம் போகும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள். இவை எல்லாவற்றிலும் ஆயில் மாற்ற வேண்டும். மாற்றிய பழைய ஆயிலை வாங்கிக்கொண்டு போக ஆள் உண்டு. சென்ட்ரிங் பலகையில் பூசவும், வேலிக்கால்களில் கறையான் ஏறாமல் தடவவும் கேட்டு வாங்கிப் போகிறவர்களும் உண்டு. மீதி, பட்டறை வாசலிலும் லாரி நிறுத்துமிடத்திலும் சொட்டுச் சொட்டாக மண்ணில் இறங்குகிறது.

கடற்கரையில் எண்ணெய் கொட்டினால் நாடே பார்க்கிறது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதியபோது, மீனவர்களும் மாணவர்களும் வாளியால் எண்ணெயை அள்ளிய காட்சி எல்லாத் தொலைக்காட்சிகளிலும் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகம் கறுத்தபோதும் அப்படித்தான். நிலத்துக்குள் இறங்கும் எண்ணெயைப் படம் பிடிக்க முடியாது. 2013-ல் சென்னைத் தண்டையார்பேட்டையில் ஆழ்துளைக் குழாயில் எண்ணெய் நாற்றத்தோடு தண்ணீர் வந்த பிறகுதான், பூமிக்கடியில் எண்ணெய்க் குழாய் கசிவது ஊருக்குத் தெரிந்தது. கொங்கு நாட்டின் பெரும்பகுதியில் மேல்மண் ஆழம் குறைவு, அடியில் கெட்டிப் பாறை. பாறையின் வெடிப்புகளில் ஊறுவதுதான் நம் கிணற்றுத் தண்ணீர். அந்த வெடிப்புகளுக்குள் எண்ணெய் போய்விட்டால் எடுப்பது மிகக் கடினம். மேல்மண்ணில் இருக்கும்போதே அதைத் தீர்த்தாக வேண்டும். அதற்கு மண்ணிலேயே ஆள் இருக்கிறது.

எப்படி? பெட்ரோலியம் பூமிக்கு அடியில் இருப்பது. அதைத் தின்ன மேல்மண் நுண்ணுயிருக்கு யார் கற்றுக்கொடுத்தது?

கோவையில் எந்தச் சாலையோரத்திலும் நிற்கும் எருக்கஞ்செடியின் ஓர் இலையைப் பறித்து விரலால் தேய்த்துப் பாருங்கள். வெளிறிய மாப்படலம் விரலில் ஒட்டும், தேய்த்த இடம் பச்சையாகத் தெரியும். அந்தப் படலம் மெழுகு. வெயிலில் இலையின் நீர் வற்றாமல் காப்பது அதுதான். ஏறக்குறைய எல்லாத் தாவர இலைகளிலும் இப்படியொரு மெழுகுப் பூச்சு உண்டு. அந்த மெழுகில் ஹைட்ரோகார்பன்கள் இருக்கின்றன. கார்பன் அணுக்கள் வரிசையாகக் கோத்த நீண்ட சங்கிலிகள், பெரும்பாலும் 27 முதல் 33 கார்பன் நீளம். எஞ்சின் ஆயிலில் இருப்பவையும் இதே குடும்பத்துச் சங்கிலிகள்தான். ஆண்டுதோறும் உதிரும் இலைச்சருகோடு இந்த மெழுகு மண்ணில் சேர்கிறது, மக்கிப்போகிறது. மெழுகை உடைக்கத் தெரிந்த நுண்ணுயிர்கள் மண்ணில் இல்லாவிட்டால் காடுகளின் தரை எப்போதோ மெழுகால் மூடிப்போயிருக்கும். காங்கயத்தின் கொறங்காட்டு மேய்ச்சல் நிலங்களில் உள்ள கிளுவை வேலியின் பிசினும் மண்ணில்தான் விழுகிறது. பிசின்களில் உள்ள டெர்பீன்களில் பல, சங்கிலியாக இல்லாமல் வளையங்களாக மூடிய ஹைட்ரோகார்பன்கள். அவற்றை உடைக்கவும் மண்ணில் நொதிகள் உண்டு. மனிதன் எண்ணெய்க் கிணறு தோண்டுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே இந்த நொதிகளுக்கான மரபணுக்கள் மண்ணில் பழகியிருந்தன. இந்த விஷயத்தில் என்னை மிகவும் வியக்க வைப்பது இதுதான்.

அந்த மரபணுக்களில் நன்றாக ஆராயப்பட்ட ஒன்று ஆல்க்-பி. சூடோமோனாஸ் போன்ற மண் பாக்டீரியாக்களில் இருக்கிறது. ஹைட்ரோகார்பன் சங்கிலி வேதியியலில் மிகவும் மந்தமானது. பிடித்து இழுக்க அதில் ஒரு கைப்பிடிகூட இல்லை. ஆல்க்-பி உண்டாக்கும் நொதி, காற்றிலுள்ள ஆக்சிஜன் மூலக்கூற்றைப் பிளந்து, ஓர் அணுவைச் சங்கிலியின் முனையில் செருகுகிறது. மற்ற அணு நீராகிவிடுகிறது. முனையில் ஆக்சிஜன் ஏறியதும் அந்தச் சங்கிலி ஒரு ஆல்கஹால். அடுத்தடுத்த நொதிகள் அதைக் கொழுப்பு அமிலமாக்கும். கொழுப்பு அமிலத்தை நம் உடம்பு என்ன செய்கிறதோ அதையேதான் பாக்டீரியாவும் செய்கிறது: முனையிலிருந்து இரண்டிரண்டு கார்பனாக நறுக்கிச் சக்தியாக்குகிறது. கடினமானது முதல் படி மட்டுமே. எண்ணெய் உடைப்பதற்கான மரபணு என்று அறிவியலாளர்கள் தேடுவதெல்லாம் பெரும்பாலும் அந்த முதல் படிக்கான மரபணுக்களையே.

அந்த முதல் படிக்கு ஆக்சிஜன் வேண்டும் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு லிட்டர் எண்ணெய் முழுவதும் கரியமில வாயுவாகவும் நீராகவும் மாறித் தீர ஏறத்தாழ 3 கிலோ ஆக்சிஜன் தேவை. அவ்வளவு ஆக்சிஜன் 10,000 லிட்டருக்கும் மேற்பட்ட காற்றில்தான் இருக்கும். லாரிகள் ஏறி ஏறி இறுகிய தரையில் அந்தக் காற்று எங்கே நுழையும்? பட்டறை வாசலில் எண்ணெய் ஆண்டுக்கணக்கில் கறுப்பாகவே கிடப்பதற்கு முதல் காரணம் இதுதான். மரபணு இல்லாததால் அல்ல. இரண்டாவது காரணம் தழைச்சத்து, மணிச்சத்துப் பற்றாக்குறை. எண்ணெயில் கார்பன் ஏராளம், நைட்ரஜனும் பாஸ்பரசும் கிட்டத்தட்ட இல்லை. 100 பங்கு கார்பனுக்கு 10 பங்கு நைட்ரஜனும் 1 பங்கு பாஸ்பரசும் வேண்டும் என்பது இத்துறையில் பின்பற்றும் பொதுக் கணக்கு. அதன்படி ஒரு லிட்டர் எண்ணெய்க்குச் சுமார் 160 கிராம் யூரியா. 1989-ல் அலாஸ்காவில் எக்சான் வால்டெஸ் கப்பல் எண்ணெயைக் கொட்டியபோது, கரையோரக் கற்களில் உரம் தெளித்தார்கள். அங்கேயே வாழ்ந்த நுண்ணுயிர்கள் பெருகி, எண்ணெய் சிதையும் வேகம் கூடியது.

அப்படியானால் மரபணுப் பொறியியலுக்கு என்ன வேலை? இங்கே ஒரு வங்காளியின் கதை வருகிறது. ஆனந்த மோகன் சக்ரபர்த்தி 1938-ல் மேற்கு வங்கத்தின் சைந்தியாவில் பிறந்தவர். 1960-களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்குப் போய், குன்சாலஸ் என்ற பேராசிரியரின் ஆய்வகத்தில் சேர்ந்தார். அங்கே ஆராய்ந்துகொண்டிருந்தது கற்பூரம் தின்னும் பாக்டீரியாவை. நாம் சாமிக்குக் கொளுத்தும் அதே கற்பூரம்தான். அதுவும் டெர்பீன் குடும்பத்தைச் சேர்ந்தது, மரம் தன்னைக் காத்துக்கொள்ளச் சுரப்பது. சூடோமோனாஸ் புட்டிடா என்ற மண் பாக்டீரியா கற்பூரத்தை மட்டுமே தின்று வாழக்கூடியது. அதற்கான மரபணுக்கள் பாக்டீரியாவின் முக்கிய குரோமோசோமில் இல்லை, பிளாஸ்மிட் என்ற தனி டி.என்.ஏ. வளையத்தில் இருந்தன. விவசாயிகள் நல்ல விதையைப் பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குக் கைமாற்றிக் கொடுப்பதுபோல, பாக்டீரியாக்கள் பிளாஸ்மிட்டை ஒன்றுக்கொன்று கொடுத்துக்கொள்கின்றன. ஒரே இனமாக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

பிறகு ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஆய்வகத்தில் சேர்ந்த சக்ரபர்த்தி, கற்பூரம், ஆக்டேன், சைலீன், நாப்தலீன் ஆகிய நான்கையும் உடைக்கும் நான்கு பிளாஸ்மிட்டுகளை ஒரே பாக்டீரியாவுக்குள் கொண்டுவந்தார். கற்பூரப் பிளாஸ்மிட்டும் ஆக்டேன் பிளாஸ்மிட்டும் ஒரே செல்லில் சேர்ந்து இருக்க மறுத்தன. புற ஊதாக் கதிரைப் பாய்ச்சி இரண்டையும் ஒன்றாக இணைத்தார். 1972-ல் காப்புரிமை கேட்டார். உயிருள்ளதற்குக் காப்புரிமை கிடையாது என்று மறுத்தார்கள். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போனது. 1980 ஜூன் 16 அன்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர் வென்றார். உலக உயிரித் தொழில்நுட்ப வணிகத்துக்கே கதவு திறந்த தீர்ப்பு அது.

ஆனால் அந்த பாக்டீரியா ஒரு எண்ணெய்க் கசிவுக்கும் அனுப்பப்படவில்லை. ஆய்வகத்தில் சொகுசாக வளர்ந்த உயிரை வெளியே விட்டால், உள்ளூர் நுண்ணுயிர்கள் அதைத் தலையெடுக்க விடா. மண்ணில் பாக்டீரியாவைத் தின்னும் ஒற்றைச் செல் உயிர்கள் வேறு இருக்கின்றன. மரபணு மாற்றிய உயிரைத் திறந்த வெளியில் விடுவதைப் பற்றிய அச்சமும் நியாயமானதே. மாசு நீக்கும் பணிக்காக அப்படியொரு பாக்டீரியாவை மண்ணில் விட அமெரிக்காவில் 1996-ல்தான் முதன்முதலாக அனுமதித்தார்கள், அதுவும் கட்டுக்குள் வைத்த மண்தொட்டிகளில், ஆராய்ச்சிக்காக மட்டும்.

இந்த முட்டுச்சந்திலிருந்து வெளியேற ஒரு வழியை 2020-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கேத்தரின் பிரெஞ்ச், நார்மன் டெர்ரி குழுவினர் காட்டினார்கள். வெளியூர் பாக்டீரியா மண்ணில் பிழைக்காது என்றால் பிழைக்க வேண்டாம், சாகும் முன் மரபணுவை மட்டும் உள்ளூர்க்காரர்களிடம் கொடுத்துவிட்டுப் போகட்டும் என்பது அவர்கள் யோசனை. மண் நுண்ணுயிர்களிடமிருந்து எடுத்த மரபணுக்களைப் பிளாஸ்மிட்டில் ஏற்றி, ஆய்வகங்களில் எங்கும் கிடைக்கும் ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்தார்கள். நீண்ட சங்கிலிகளை உடைக்க ஆல்ம்-ஏ, வளையச் சேர்மங்களுக்குச் சைல்-ஈ, அவற்றோடு பி450கேம். இந்தக் கடைசிப் பெயரின் ‘கேம்’ கற்பூரத்தைக் குறிப்பது. குன்சாலஸ் ஆய்வகத்தில் சக்ரபர்த்தி ஆராய்ந்த அதே கற்பூர வழியின் முதல் நொதி! பரிசோதனையில் இந்த நொதிகள் இலக்கு ஹைட்ரோகார்பன்களில் 60 முதல் 99 சதவீதம்வரை சிதைத்தன.

அடுத்து, எண்ணெய் ஊறிய வண்டலில் பி450கேம் தாங்கிய ஈ.கோலையைக் கலந்தார்கள். ஐந்தே நாளில் ஈ.கோலை செத்துப்போனது. பிளாஸ்மிட் சாகவில்லை. அந்த வண்டலில் வாழ்ந்த பலவகை பாக்டீரியாக்கள் அதை வாங்கிக்கொண்டு, 60 நாளைக்கு மேலும் வைத்திருந்தன. அந்த 60 நாளில் வண்டலிலிருந்த மொத்தப் பெட்ரோலிய ஹைட்ரோகார்பன் 46 சதவீதம் குறைந்தது. எண்ணெய் இல்லாத சூழலில் வைத்துப் பார்த்தபோது, பாக்டீரியாக்கள் பிளாஸ்மிட்டை மெல்லக் கைவிட்டன. தேவையில்லாத டி.என்.ஏ.வைத் தாங்குவது அவற்றுக்குச் செலவு. எண்ணெய் தீர்ந்தால் மரபணுவும் தானே மறையும் என்ற நம்பிக்கையை இந்த முடிவு தருகிறது.

நம்பிக்கைதான், உறுதி இல்லை. அவர்களே அதை முன்னோட்டப் பரிசோதனை என்றுதான் சொல்கிறார்கள். கைமாறும் மரபணுவை யார் யார் வாங்குவார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. மருந்துக்கு அடங்காத கிருமிகள் மருத்துவமனைகளில் பெருகுவதும் பெருமளவு இதே கைமாற்று வழியில்தான். ஆய்வகப் பிளாஸ்மிட்டுகளில் அடையாளத்துக்காக ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பு மரபணு ஒன்றைச் சேர்ப்பது வழக்கம். அது எண்ணெய் மரபணுவோடு சேர்ந்து பரவினால் ஒரு கேட்டை நீக்க இன்னொரு கேட்டை விதைத்ததாகும். அந்த அடையாள மரபணு இல்லாத பிளாஸ்மிட் வரும்வரை இந்த முறை நம் மண்ணைத் தொடக் கூடாது என்பதே என் கருத்து.

மண் நுண்ணுயிரின் மரபணு கொங்கு விவசாயிக்குப் புதிய சங்கதி இல்லை. 2002-ல் அனுமதி பெற்ற பி.டி. பருத்தியில் இருப்பதே பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற மண் பாக்டீரியாவின் மரபணுதான். ஆனால் பருத்தியில் அது செடியின் குரோமோசோமில் பதிந்திருக்கிறது, விதையோடும் மகரந்தத்தோடும்தான் நகரும். பிளாஸ்மிட்டின் நடமாட்டம் அப்படிப்பட்டதல்ல. 1989-ம் ஆண்டு விதிகளின்படி இப்படிப்பட்டவற்றைத் திறந்த வெளியில் விட மத்திய மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவின் அனுமதி வேண்டும். அந்தக் கட்டுப்பாடு தளராமல் இருப்பதே நல்லது.

மரபணுவை மாற்றாமலே இந்தியாவில் நடந்த வேலை இருக்கிறது, அதை நாம் போதிய அளவு பேசுவதில்லை. டெரி (TERI) என்ற ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ஆயில்சாப்பர், எண்ணெய் படிந்த மண்ணிலிருந்தே பிரித்தெடுத்த பாக்டீரியாக்களின் கூட்டு. ஒன்று சங்கிலியை உடைக்கும், இன்னொன்று வளையத்தை உடைக்கும், மற்றவை மிச்சத்தைத் தீர்க்கும். மணி உதிர்த்த மக்காச்சோளக் கதிரின் சக்கையைத் தூளாக்கி, அதில் இந்தப் பாக்டீரியாக்களை ஏற்றி மண்ணில் தூவுகிறார்கள். அசாம், குஜராத் எண்ணெய் வயல்களிலும், 2010-ல் மும்பைக் கடலில் கப்பல்கள் மோதிய பிறகு கரையிலும் இதைப் பயன்படுத்தினார்கள்.

இதைப் படிக்கும் கொங்கு விவசாயிக்கு அசோஸ்பைரில்லம் உயிர் உரப் பாக்கெட் நினைவுக்கு வரும். கோவை வேளாண் கல்லூரி 1906 முதல் இங்கே இருக்கிறது, 1971-ல் பல்கலைக்கழகமானது. லிக்னைட் தூளில் பாக்டீரியாவை ஏற்றிப் பாக்கெட்டில் அடைத்து விவசாயி கைக்குக் கொண்டுசேர்க்கும் கலையை அது பல்லாயிரம் தோட்டங்களுக்குப் பழக்கிவிட்டது. உடுமலை, பல்லடம் பக்கம் மக்காச்சோளச் சக்கைக்கும் குறைவில்லை. ஆண்டு முழுக்க வெதுவெதுப்பான மண் நுண்ணுயிருக்கு ஏற்றது. ஈரம்தான் பற்றாக்குறை. பாலக்காட்டுக் கணவாய்க்குக் கிழக்கே, மழை மறைவில் இருக்கும் நிலம் இது. ஐப்பசி, கார்த்திகை மழையை ஒட்டி மண்ணைக் கிளறி, தொழு உரமும் சிறிது யூரியாவும் இட்டு, ஈரம் காய்ந்தால் தண்ணீர் தெளித்தால், இங்கேயே உள்ள நுண்ணுயிர்கள் பெரும்பங்கு வேலையை முடித்துவிடும். அவற்றால் உடைக்க முடியாமல் மிஞ்சும் கனமான வளையச் சேர்மங்களுக்குத்தான் பெர்க்லி வழி தேவைப்படும். முறை வரிசை இதுதான்: முதலில் காற்று, உரம், ஈரம், பிறகு உள்ளூர் பாக்டீரியாக் கூட்டு, கடைசியில், தேவைப்பட்டால் மட்டும், மரபணு.

இவை எதனாலும் தீராதவையும் உண்டு. ஓடித் தேய்ந்த எஞ்சின் ஆயிலில் துத்தநாகம், ஈயம் போன்ற உலோகங்கள் கலந்திருக்கும். எண்ணெயைத் தின்ற பாக்டீரியா உலோகத்தை அப்படியே மண்ணில் விட்டுவிடும். நொய்யல் ஆற்றின் துயரமும் இந்த வகைதான். சாயத்தின் நிறத்தை நுண்ணுயிரால் உடைக்க முடியும், சாய ஆலை உப்பை உடைக்க எந்த மரபணுவும் இல்லை. ஒரத்துப்பாளையம் அணை நிரம்பியது அந்த உப்புத் தண்ணீரால்தான். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொல்லும் அளவுக்கு அது முற்றிப்போனது. ஒன்றை மண்ணில் விட்டபின் எடுப்பதற்கு வழி தேடுவதைவிட, மண்ணில் விடாமல் இருப்பது எத்தனையோ மடங்கு எளிது என்பதை நொய்யல் கரைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பயன்படுத்திய எண்ணெய் 2016-ம் ஆண்டு விதிகளின்படி அபாயக் கழிவு. அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பில் 2024 ஏப்ரல் முதல் எண்ணெய் தயாரிப்பாளர்களுக்கும் பங்கு உண்டு. பட்டறை, சர்வீஸ் ஸ்டேஷன் வைத்திருப்பவர்கள் பழைய ஆயிலை ஒரு டிரம்மில் சேர்த்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள். டிரம்முக்கு அடியில் ஒரு தகரத் தட்டு வையுங்கள். சென்ட்ரிங் பலகைக்கும் வேலிக்காலுக்கும் கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுக்காதீர்கள். வேளாண் பல்கலைக்கழகத்துக்கும் ஒரு வேண்டுகோள்: குறிச்சி சிட்கோவிலோ சங்ககிரி லாரி நிறுத்தத்திலோ எண்ணெய் ஊறிய ஒரு சென்ட் நிலத்தை எடுத்து, நம் மண்ணின் பாக்டீரியாக்களைக் கொண்டு சுத்தம் செய்து காட்டுங்கள். அதற்கு வேண்டிய அறிவும் ஆட்களும் உங்கள் லாலி ரோடு வளாகத்திலேயே உண்டு.